முந்திக்கொண்ட ஆமென்

இங்கிலாந்து தேசத்து ராணி ஒருத்தியோடு எனக்குப் பல வருஷம் சண்டை இருந்தது. அவள் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். மறுநாள் நடத்தவேண்டிய பாடத்தை முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவார். அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக நடப்பார். கையில் பிரம்பு இல்லாத குறைக்கு நான் நறுக்க வைத்திருக்கும் முருங்கைக்காயை எடுத்துக்கொள்வார். "மாணவர்களே!" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்வார். நான் அம்மியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் அந்த ராணி எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கல்யாணமே செய்துகொள்ளாத ராணி. நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புராட்டஸ்டண்டு கோயிலுக்கு வந்து உட்கார வேண்டும், வராதவர்களுக்கு அபராதம் என்று சட்டம் போட்டவள். "அவளுக்கு வேற சோலி இல்லையாக்கும்?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பேன். வீட்டுக்காரர் முருங்கைக்காயை என் பக்கம் நீட்டி, "இவளுக்கு முந்தி அக்காக்காரி ஒருத்தி ஆண்டாளே, உங்க சபைக்காரி, அவ எத்தனை பேரை உயிரோட எரிச்சாத் தெரியுமா? உங்க ஆளுக மட்டும் சும்மாவா இருந்தாக?" என்பார். அம்மிக் குழவியை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுப்பேன்.

உங்க சபை, எங்க சபை. அதுதான் விஷயம். நான் ஆர்.சி. வீட்டில், அதாவது கத்தோலிக்க வீட்டில், பிறந்தவள். அவர் என் தாய்மாமன் மகன், புராட்டஸ்டண்டு. என் அம்மா அந்த வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்காக அப்பாவின் சபைக்கு மாறினவள். நான் அதே வீட்டுக்கு மருமகளாகத் திரும்பிப் போகிறேன், அதனால் நானும் மாறிவிட வேண்டியதுதான் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமன் மகன் வேண்டும், மாறுகிற வேலை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கல்யாணத்தன்று புராட்டஸ்டண்டு ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) "இனி எங்கள் கோயிலுக்கு வருவாயா?" என்று கேட்டபோது "வருவேன்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

வாக்குத் தவறவும் இல்லை. ஞாயிறு தவறாமல் போனேன். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன். பாட்டென்றால் எனக்கு உயிர். எந்தச் சபைப் பாட்டாக இருந்தால் என்ன, வாயைத் திறந்து பாடினேன். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசி வழக்கமும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்றே ஒன்றில்தான் தவறாமல் மாட்டிக்கொள்வேன். கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது அவர்கள் கடைசியில் ராஜ்யம், வல்லமை என்று கூட ஒரு வரி சொல்லுவார்கள். எங்களுக்கு அது கிடையாது, அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். நான் கண்ணை மூடி உருகிச் சொல்லிக்கொண்டு போய், "ஆமென்!" என்று முந்திவிடுவேன். கோயிலே திரும்பிப் பார்க்கும். பல வருஷப் பழக்கம், நாக்கு என் பேச்சைக் கேட்டால்தானே.

சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கிற ஊர் அது. அந்த ஊரில் போய், ஒரே ஏசுவை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு கோஷ்டியாக நின்றோம்.

மாதத்தின் முதல் ஞாயிறுதான் எனக்குக் கண்டம். அன்றைக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் முன்னே போய் மேசையருகே முழங்கால் போடவேண்டும். அங்கே போய் முழங்கால் போட்டுவிட்டால் நான் அவர்கள் சபை என்று ஆகிவிடும். புராட்டஸ்டண்டு கோயிலில் தாலி கட்டினதால் எங்கள் ஊர் ஆர்.சி. சாமியார் எனக்கு இனி நற்கருணை (எங்கள் சபையில் திருவிருந்துக்கு அந்தப் பெயர்) கிடையாது என்று சொல்லிவிட்டார். அங்கே இல்லை என்று ஆனதால் இங்கே வந்து கையை நீட்டிவிட வேண்டுமா? எனக்கு அப்படி வரவில்லை. எங்கள் கோயில் என்னைத் தள்ளிவைத்தது. நான் அதைத் தள்ளிவைக்கவில்லை. அதனால் முதல் ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும் எனக்குத் தலைவலி வரும், அல்லது அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வரும். மெல்ல எழுந்து வந்துவிடுவேன்.

ஐயர் ஒன்றும் மடையர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் மானேஜர். என் வீட்டுக்காரர் அங்கே தற்காலிக வாத்தியார். ஒருநாள் ஐயர் அவரைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, உம்ம வீட்டம்மா மேசைக்கு வரணும்வே. வராட்டா அடுத்த வருஷம் ஜூன் மாசம் உம்ம வேலையை நான் எப்படி உறுதி பண்ண? கமிட்டியில கேப்பாகல்லா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை" என்றார். கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருப்பேன். இப்படிச் சொன்னவரோடு எதை வைத்துச் சண்டை போட? அந்த வேலை போனால் அந்த ஊரில் எங்களுக்கு அடுப்பு எரியாது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவோடு எனக்குச் சண்டை வந்தது.

அக்கா புராட்டஸ்டண்டு விதவை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவள். சனிக்கிழமைதோறும் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து கைப்பிடி அரிசி வாங்கிப் போவது அவள் வேலை. என் செபமாலையை நான் எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? அந்தக் கைப்பிடி அரிசிப் பானைக்குள். கோயில் அரிசியில் யாரும் கையை விடமாட்டார்கள் என்று எனக்கு ஒரு சாமர்த்தியம். சனிக்கிழமை காலையில் மறக்காமல் வெளியே எடுத்துவிடுவேன். அந்தச் சிவன்-பெருமாள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே திமிலோகப்பட்ட வாரம், வீட்டுக்கு விருந்தாள் வந்து நான் மறந்துபோனேன். அக்கா பானையைச் சாய்த்தாள். அரிசியோடு செபமாலையும் அவள் பெட்டியில் விழுந்தது.

"ஏட்டி! இது என்னட்டி இது? கர்த்தருக்குக் குடுக்க அரிசியில மாதா மணியைப் போட்டு வச்சிருக்க?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"மாதா அவருக்கு அம்மாதானே? அம்மா கையில அரிசி குடுத்தா அவருக்கு ஆகாதோ?" என்று நானும் கத்தினேன்.

அதற்கப்புறம் பேசினது எதையும் அச்சில் போட முடியாது. தறி போட்டிருந்த வீடுகளில் நாடாச் சத்தம் நின்றுபோய் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

விஷயம் ஐயர் காதுக்குப் போயிற்று. மனஸ்தாபத்தோடு இருக்கிறவர்கள் திருவிருந்தில் சேரக்கூடாது என்பது அந்தச் சபையில் கறாரான சட்டம். சண்டை தீருகிறவரை இரண்டு பேரும் மேசைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! தலைவலியும் பாலும் இனிமேல் வேண்டாம். போகாதே என்று ஐயரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் வேலை விஷயத்தையும் சண்டை தீரட்டும் பார்ப்போம் என்று அவரே ஒத்திவைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை அந்த வாரமே நடந்தது. வீட்டுக்காரர் ராணி பாடத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். "மாணவர்களே! பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் பலர் அபராதத்துக்குப் பயந்து கோயிலுக்கு வந்தார்கள். சிலர் பிரசங்கம் கேளாதபடி காதில் கம்பளிப் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். புருஷன் மட்டும் கோயிலுக்குப் போய் நிலத்தைக் காப்பாற்ற, மனைவி வீட்டிலிருந்து பழைய ஜெபத்தைக் காப்பாற்றினாள். இன்னும் சிலர், அண்டை வீட்டுக்காரரோடு பகை இருப்பதாகச் சொல்லி, அந்தப் பகையைத் தீரவிடாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்து, திருவிருந்தைத் தட்டிக்கழித்தார்கள்."

எனக்கு அடக்க முடியவில்லை. அரிவாள்மணையை விட்டு எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டு அவரும் சிரித்தார். கண் காணாத ஒரு தேசத்தில், பெயர் தெரியாத பொம்பளைகள் எனக்கு முன்னாலேயே இதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. நான் ஒருத்தி மட்டும் கிறுக்கச்சி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சண்டையை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. அக்காவுக்கு அடி மனசு தங்கம். கொஞ்ச நாளிலேயே கொல்லைப் பக்கமாக வந்து, கழுவித் துடைத்து முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த செபமாலையை என் கையில் கொடுத்தாள். "நான் பேசினது தப்புட்டி. சாமி காரியத்துல அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றாள். நான் அழுதுவிட்டேன். பிறகு என் சிக்கல் முழுவதையும் அவளிடம் கொட்டினேன். முகவாயில் கை வைத்துக் கேட்டவள், "அப்பம் நாம ராசியாயிட்டோம்னு வெளிய தெரிஞ்சா ஒன்னை மேசைக்குக் கூப்பிட்டுருவாகளா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்படின்னா தெரிய வேண்டாம், விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து கொல்லையில் ராசி, வாசலில் சண்டை. கொல்லையில் அவள் வைத்த மீன்குழம்பை நான் வாங்குவேன், நான் சுட்ட பணியாரத்தை அவள் வாங்குவாள். முதல் ஞாயிறு நெருங்கினால் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏட்டி, இந்த மாசம் எதை வச்சுச் சண்டை? கோழியா, குப்பையா?" என்பாள். பேசிவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கத்துவோம். என்னைவிட அவள் நன்றாகக் கத்துவாள். ஒருதரம் அவள் ஏசின ஏச்சில் எனக்கு நிஜமாகவே ரோஷம் வந்து, கொல்லைக்குப் போய் "அதென்னக்கா, எங்க அப்பாவை இழுத்தீக?" என்று தனியாக ஒரு சண்டை போட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு நாட்களில் ஒருநாள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் புருஷன் யுத்த காலத்தில் பர்மாவுக்குப் போனவர். போனார் என்பது தெரியும். செத்தார் என்று சேதி வந்தது. வேறொன்றும் வரவில்லை. பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னாள்:

"அவுக எந்த மண்ணுல கிடக்காகன்னு தெரியாதுட்டி. கல்லறைன்னு போய்ப் பூப்போடவும் இடமில்ல. அந்த மேசையில முழங்கால் போடும்போது மட்டும் அவுக பக்கத்துல இருக்காப்ல இருக்கும். அதான் மாசாமாசம் ஓடிருவேன்."

அவள் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்து உரித்தாள். எனக்குத்தான் கை ஓடவில்லை. ஆடியிலிருந்து அவளும் மேசைக்குப் போகவில்லையே! முதல் ஞாயிறுதோறும் நான் எழுந்து வெளியே வரும்போது அவளும் பின்னாலேயே எழுந்து வந்தாளே! எனக்கு வேண்டாத ஒன்றை நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அவளோ தன் புருஷனைப் பார்க்கிற ஒரே இடத்தை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாதகத்தி.

ராணி பாடத்தில் இதைச் சொல்லவில்லையே என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். "அந்த அண்டை வீட்டுக்காரக பாடு என்ன ஆச்சு? அவுகளும்தான மேசைக்குப் போயிருக்க முடியாது?" அவர் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புஸ்தகத்துல போடலையே" என்றார். நான் செய்யப்போவதைச் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "சரி" என்றார். பயந்த சுபாவம் அவருக்கு. அந்தச் சரியைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஈஸ்டர் ஞாயிறு. கோயில் நிறைந்து வாசல்வரை ஜனம். பிரசங்கம் முடிந்து, அயலாரோடு சமாதானமாய் இருக்கிறவர்கள் முன்னே வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். அக்கா வழக்கம்போல வெளியே போக எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஐயரே, எங்களுக்குள்ள சண்டை கிடையாது. தீந்து எத்தனையோ மாசமாச்சு. அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. அவுகளுக்குக் குடுங்க."

ஐயர் முகம் மலர்ந்துபோயிற்று. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ரெண்டு பேரும் வாங்கம்மா."

"நான் வரலை ஐயரே."

இப்போது அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"நான் வேற சபையில பிறந்தவ. இங்க வாரேன், பாடுதேன், அரிசி குடுக்கேன். அதெல்லாம் நெசமாத்தான் செய்யுதேன். மேசையில வந்து பொய்யா முழங்கால் போட எனக்கு மனசு வரலை. என்னை வெளிய போகச் சொன்னா போறேன். எங்க வீட்டுக்காரக வேலையில மட்டும் கை வச்சிராதீக."

ஆண்கள் பக்கம் ஒரு பாய் சரசரத்தது. வீட்டுக்காரர் எழுந்து நின்றார். வகுப்பில் அத்தனை ராஜாக்களையும் ராணிகளையும் ஆட்டி வைக்கிற குரல் அன்றைக்குக் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஐயரே, அவ வெளிய போனா நானும் அவகூடப் போயிருதேன்."

அவ்வளவு பேருக்கு முன்னால் அவரைக் கட்டிப்பிடிக்க முடியாதே என்று இருந்தது எனக்கு.

ஐயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசைமேல் இருந்த வெள்ளைத் துணியைச் சும்மா ஒருமுறை நீவிவிட்டார். பிறகு, "யாரும் வெளிய போக வேண்டாம். இருக்கவுக இருக்க இடத்துல இருங்க" என்றார். அக்கா மேசைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஆனால் வேலை? ஐயர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பாடம் நடக்கவில்லை. முருங்கைக்காய் தன்பாட்டில் சாம்பாருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஐயர். வந்த மனுஷரைச் சாப்பிடச் சொன்னோம், உட்கார்ந்தார். கீரையும் பருப்பும் பரிமாறினேன். இலையைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை கறி கிடையாதோ?" என்றார். "எங்க சபையில கிடையாது" என்றேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "எங்க தாத்தா திருநீறு பூசினவரு. குடும்பத்தோட சபைக்கு வந்தாரு. ஞாயிறு தவறமாட்டாரு. ஆனா ஆடித்தபசு அன்னைக்கு மட்டும் உள் அறையில போய்க் கதவைச் சாத்திக்கிடுவாரு. உள்ள என்ன செஞ்சாருன்னு எங்க பாட்டியும் கேக்கலை, அப்பம் இருந்த ஐயரும் கேக்கலை. கேட்டிருந்தா அவரு போயிருப்பாரு. நான் இன்னைக்கு இந்த அங்கியைப் போட்டிருக்க மாட்டேன்." கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன். "வாத்தியாரே, ஜூன்ல உமக்கு உத்தரவு வரும்வே. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

வீட்டுக்காரர் தொண்டையில் சோறு சிக்கி இருமினார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு நான் எழுந்து போகவில்லை. பாயிலேயே இருந்தேன். எல்லோரும் மேசைக்குப் போய் வந்தார்கள், அக்காவும் போய் வந்து என்னோடு முட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆரம்பமாயிற்று. இன்றைக்காவது நாக்கைக் கட்டவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நிம்மதியில் கண்ணை மூடினேனா, வழக்கம்போல என் இடம் வந்ததும் முந்திக்கொண்டுவிட்டேன்.

"ஆமென்!"

கூடவே, என் காதுக்குப் பக்கத்தில், என்னைவிடச் சத்தமாக இன்னொரு ஆமென் கேட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல, மிச்சமிருந்த அவர்கள் வரியைச் சபையோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவில் இரண்டாம் தரமும் ஆமென் சொன்னாள். அந்த இரண்டாவது ஆமெனை நானும் அவளோடு சேர்ந்து சொன்னேன்.